இரவு டியூட்டி சிஸ்டர்களுக்கு: உங்களிடம் எதையும் கேட்காத ஒன்றைப் பாருங்கள்

அன்புள்ள தங்கைகளே, தம்பிகளே,

நான் ஓய்வுபெற்ற செவிலியர். வார்டு, ஐ.சி.யூ., லேபர் ரூம், கடைசியில் நர்சிங் மாணவிகளின் வகுப்பறை என்று என் பணிக்காலம் முழுவதும் உங்களைப் போன்றவர்களோடுதான் கழிந்தது. அரசு மருத்துவமனையிலோ தனியாரிடமோ இன்று இரவு டியூட்டிக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். பகலில் அரைத்தூக்கம் தூங்கி எழுந்து, வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டு, டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் படித்தால் போதும்.

அதிகாலை மூன்று, நான்கு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் வெப்பமும் விழிப்பும் ஒரு நாளிலேயே மிகக் கீழே இறங்குகிற நேரம் அது. அந்த நேரம் பார்த்துத்தான் ஏதாவது ஒரு பெட் மோசமாகும். ஓடுவீர்கள். செய்ய வேண்டியதைப் பிசகாமல் செய்வீர்கள். எல்லாம் முடிந்து கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்கும். காது அடைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று டியூட்டி டாக்டர் பேசுவது எங்கேயோ தூரத்தில் கேட்கும். அந்த நிலையிலிருந்து உடம்பை எப்படி மீட்டுக்கொண்டு வருவது என்பதுதான் நான் சொல்ல வந்தது. இதற்காகப் புதிதாக எதையும் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டாம். நோயாளிக்குத் தினமும் செய்வதை உங்களுக்கும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மயக்கம் தெளிகிறவரிடம், தலையில் அடிபட்டு வந்தவரிடம் என்ன கேட்கிறோம்? "உங்க பேரு என்ன? இது எந்த இடம்? இப்போ பகலா, ராத்திரியா?" நேரம், இடம், ஆள் மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் 'ஓரியன்டட்' என்று எழுதிவிட்டு நகர்கிறோம். வயதானவர் ஒருவர் நடுராத்திரியில் குழம்பிப்போய் டிரிப்ஸைப் பிடுங்கினால், விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, "தாத்தா, இது ஆஸ்பத்திரி. நான் சிஸ்டர். மணி மூணு. உங்க மக வெளியிலதான் உக்காந்திருக்காங்க" என்று சொல்கிறோம். அவர் கண் சுவரைப் பார்க்கும், கட்டிலைப் பார்க்கும், நம் முகத்தில் வந்து நிற்கும். பிடி தளரும்.

இது நம் கைப்பழக்கம் மட்டுமில்லை, ஆய்வில் நிரூபணமானதும்கூட. அமெரிக்காவில் யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் ஷாரன் இனூயே தலைமையிலான குழு, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளைக் கவனித்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டது. கட்டிலருகே அன்றைய விவரமும் கவனித்துக்கொள்பவர்களின் பெயர்களும் எழுதிய பலகை, அவரவர் மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, எழுப்பி நடக்கவைப்பது, இரவுத் தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பது என்று எல்லாமே எளிய காரியங்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு மனக்குழப்பம் வந்தது. இந்தக் கூடுதல் கவனிப்பு கிடைத்தவர்களில் அது 9.9 சதவீதம்தான். நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்ணும் காதும் தெளிவாகச் சொல்வதும் மூளைக்கு உதவுகிறது என்பதற்கு நம் தொழிலுக்கு நெருக்கமான சாட்சி இது.

அந்தத் தாத்தா அளவுக்கு நீங்கள் குழம்பியிருக்க மாட்டீர்கள். ஆனால் நடுங்கும் கையோடு உட்கார்ந்திருக்கும் அந்த நிமிஷத்தில் உங்களைக் கேட்டால், நீங்களும் முழுசாக இங்கே இல்லை. மனசு இன்னும் அந்த பெட் பக்கத்திலேயே நிற்கிறது.

உடம்புக்குள் நடப்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கார்டியாக் அரெஸ்டில் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் போடுகிறோம். ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறோம்? ரத்தத்தில் அது சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. நம் உடம்பு தானாகச் சுரந்ததும் அதே மருந்துதான், அதே கணக்குதான். கார்டிசால் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும். பிறகு அதுவும் இறங்கும். அப்படியிருக்க, ஒரு மணி நேரம் கழித்தும் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது? உள்ளே புதிது புதிதாக உத்தரவு போய்க்கொண்டே இருப்பதால்தான். மனசு அந்தக் காட்சியை மறுபடி ஓட்டுகிறது. காதில் அடுத்த மானிட்டர் கத்துகிறது. இந்தப் பக்கம் அட்ரினலின் என்றால் அந்தப் பக்கம் வேகஸ் நரம்பு. எந்த நரம்பின் பிடியும் இல்லாத இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கும். சும்மா இருக்கும்போது அதை 70 பக்கத்தில் வைத்திருப்பது வேகஸ். அட்ரோபின் போட்டதும் துடிப்பு ஏறுவது அந்தப் பிடி விடுபடுவதால்தான். ஆகவே நமக்குத் தேவை இரண்டு. உத்தரவு போவது நிற்க வேண்டும். வேகஸ் மறுபடி பிடிக்க வேண்டும். "ரிலாக்ஸ் ஆகு" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதால் இரண்டுமே நடப்பதில்லை.

கண்ணால் நடக்கும். ரஷ்யாவில் இவான் பாவ்லோவ் நாய்களை வைத்து ஆய்வு செய்த காலத்தில், உதவியாளர் பழக்கிவைத்த நாயைப் பார்க்க அவரே அறைக்குள் நுழைந்தால் சோதனை கெட்டுப்போகும். நாய் பழகியதை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பி, வந்தவரைப் பார்க்கும். 'இது என்ன?' என்று கேட்கிற அனிச்சைச் செயல் என்று பாவ்லோவ் அதைச் சொன்னார். நமக்கும் அது உண்டு. திடுக்கிடும்போது இதயத் துடிப்பு ஏறுகிறது, 'இது என்ன?' என்று ஆர்வத்தோடு தலை திரும்பும் கணத்தில் துடிப்பு கொஞ்சம் இறங்குகிறது. 1966-இல் கிரகாம், கிளிஃப்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எடுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் அதையே காட்டின.

"மேடம், நாங்க ராத்திரி முழுக்கப் பாத்துக்கிட்டேதானே இருக்கோம்?" என்று கேட்பீர்கள். மாணவிகள் ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி முழுக்க எதைப் பார்க்கிறீர்கள்? சாச்சுரேஷன் இறங்குகிறதா என்று மானிட்டரை. பாட்டில் தீர்ந்ததா என்று டிரிப்ஸை. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று யூரின் பேக்கை. உதடு நீலமாகிறதா என்று முகத்தை. நீங்கள் பார்க்கிற ஒவ்வொன்றும் உங்களிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. அது ஆபத்தைத் தேடுகிற பார்வை. அதைக் குறை சொல்லவில்லை. அந்தப் பார்வைதான் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் அதை மட்டுமே பார்க்கிற கண், ஆபத்து தீர்ந்த பிறகும் ஆபத்தையே தேடும். நான் சொல்கிற பார்வை வேறு. உங்களிடம் எதையும் கேட்காத ஒரு பொருளை, அது என்ன என்று மட்டும் பார்ப்பது.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத ஒரு பெண். நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு சி.பி.ஆர். செய்து செய்து, கடைசியில் அவர் போய்விட்டார். வெளியே அவர் மனைவியின் அழுகை. இவள் அடுத்த பெட்டுக்கு ஆன்டிபயாட்டிக் போட வேண்டும். ஆம்பியூலை உடைக்க விரல் நிற்கவில்லை. இரண்டு தடவை நழுவியது. பக்கத்து பெட் ஸ்டாஃபைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளை வராந்தாக் கோடியில் இருந்த ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன். அழாதே என்றும் சொல்லவில்லை, தைரியமாக இரு என்றும் சொல்லவில்லை. "என்னம்மா தெரியுது, சொல்லு" என்றேன்.

"ஒண்ணும் தெரியல மேடம்."

"மெதுவா பாரு. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டோ நிக்குது" என்றாள். "எத்தனை?" "நாலு. கடைசி ஆட்டோல ஒருத்தர் தூங்கறாரு. ரெண்டு காலும் வெளிய நீட்டிட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "செருப்பைக் கழட்டி ஜோடியா வெச்சிருக்காரு, மேடம். வீட்டு வாசல்ல வெக்கிற மாதிரி."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு ஒரு பெரிய மூச்சு வந்தது. நான் விடச் சொன்ன மூச்சு இல்லை அது. தானாக வந்தது. காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்ற தோள் இறங்கியது. திரும்பிப் போய் ஆம்பியூலை உடைத்தாள். மருந்து நேரத்துக்குப் போனது. அவள் துக்கம் அதோடு தீர்ந்துவிடவில்லை. காலையில் டியூட்டி முடித்து பஸ்ஸில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அழ வேண்டிய துக்கம்தான் அது. ராத்திரி மிச்சமிருந்த நேரத்துக்கு அவள் கை அவளுக்குக் கிடைத்தது. அது போதும்.

செய்கிற முறையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மெதுவாக. கண்மணியை மட்டும் உருட்டாதீர்கள், கழுத்தோடு திரும்புங்கள். கண் எங்கே நிற்க ஆசைப்படுகிறதோ அங்கே நிற்கட்டும். பார்த்ததன் பெயரை மனசுக்குள் சொல்லுங்கள், நல்லது கெட்டது சேர்க்காமல். பச்சை வாளி. கைப்பிடி உடைந்த நாற்காலி. அந்தப் பாட்டியின் சுங்குடிச் சேலை. பிறகு காது. பக்கத்துச் சத்தத்தை விட்டுவிட்டு, கேட்கிறதிலேயே தூரத்துச் சத்தம் எது என்று தேடுங்கள்: லாரி ஹாரன், ரயில், யாரோ கேட்டைத் திறப்பது. காலைத் தரையில் நன்றாக ஊன்றியிருங்கள். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் மன அழுத்தத்தைச் சமாளிக்க வெளியிட்ட படக் கையேட்டிலும் முதல் பயிற்சி ஏறக்குறைய இதுதான்: காலை ஊன்றி நிற்பது, சுற்றிலும் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று கவனிப்பது. ஐந்து பொருள், நான்கு தொடுகை, மூன்று சத்தம் என்று எண்ணிக்கொண்டு போகிற முறை பிரபலமாக இருக்கிறது. எண்ணுவது உதவினால் எண்ணுங்கள். களைத்துப்போன ராத்திரியில் அந்தக் கணக்கே இன்னொரு வேலையாகிவிடும் என்பது என் எண்ணம். ஒரே ஒரு பொருளை நன்றாகப் பார்ப்பது அதைவிட மேல்.

நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: கை கழுவுகிறீர்கள் அல்லவா? சோப்பும் தண்ணீருமாகக் கழுவ 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்து வைத்திருக்கிறது. நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என்று ஒரு ராத்திரியில் எத்தனை தடவை! அந்த விநாடிகள் ஏற்கெனவே உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. அப்போது அடுத்த பெட்டின் மருந்தை யோசிக்காதீர்கள். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி, குழாயின் சத்தம் எப்படி, நுரை எந்த விரலிடுக்கில் நிற்கிறது என்று பாருங்கள். கையும் சுத்தமாகக் கழுவப்படும்.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பலருக்கு அது நல்ல மருந்து. ஆனால் பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது கண்ணை மூடினால் சிலருக்கு நெஞ்சின் அடிப்பு இன்னும் பெரிதாகக் கேட்கும். பார்க்க விரும்பாத முகம்தான் முன்னால் வந்து நிற்கும். அப்படி ஆனால் உங்களிடம் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணைத் திறங்கள், அவ்வளவுதான். செல்போனையும் இதற்கு மாற்றாக வைக்காதீர்கள். ரீல்ஸ் மனசை வேறு பக்கம் இழுக்கும், உண்மைதான். ஆனால் குனிந்த கழுத்தோடு ஒரு சாண் கண்ணாடியைப் பார்க்கும்போது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், இங்கே இப்போது ஆபத்து இல்லை என்ற செய்தி உடம்புக்குப் போவதில்லை. அந்தத் திரையும் அடுத்தது, அடுத்தது என்று உங்களிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1984-இல் 'சயின்ஸ்' இதழில் ரோஜர் உல்ரிச் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகள். ஒரே மாதிரி அறைகள். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குப் பழுப்பு நிறச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளில். கடுமையான வலிமருந்தும் மரம் தெரிந்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மருத்துவமனைக் கட்டடம் கட்டுகிறவர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடுகிற ஒரு பகுதி நமக்குரியது. அந்த விவரங்களில் ஒரு முக்கியமான பங்கு நர்ஸ் நோட்ஸிலிருந்து வந்தது. அழுகிறார், மனம் சோர்ந்திருக்கிறார் என்பது போன்ற குறிப்புகள் சுவர்ப் பக்கத்து நோயாளிக்குச் சராசரியாக 3.96, மரப் பக்கத்து நோயாளிக்கு 1.13. அந்தப் பதிவேடுகளைப் புரட்டி விவரம் எடுத்துக்கொடுத்ததும் அனுபவமுள்ள ஒரு நர்ஸ்தான். எந்த நோயாளிக்கு எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரியாது. யாரோ ஒரு சகோதரி இரவு டியூட்டியில் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்த இரண்டு வரி, பல வருடம் கழித்து உலகத்துக்கு ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறது. நாம் எழுதுகிற நோட்ஸ் வீண் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதையெல்லாம் 1859-லேயே எழுதிவிட்டார். செவிலியர் பணி பற்றிய அவர் புத்தகத்தில் சத்தத்துக்கு ஓர் அத்தியாயம், பார்வைக்கு மாற்றம் தருவதைப் பற்றி ஓர் அத்தியாயம். தான் காய்ச்சலில் படுத்திருந்தபோது யாரோ கொடுத்தனுப்பிய காட்டுப்பூக் கொத்தைப் பார்த்ததிலிருந்து வேகமாகத் தேறியதை அதில் குறிப்பிடுகிறார். நோயாளிக்காக அவர் சொன்னது நோயாளியோடு ராத்திரியெல்லாம் விழித்திருப்பவருக்கும் பொருந்தும். வார்டுக்குள் இரவுச் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல். சாதாரணப் பேச்சே 60 வரும். நம் வார்டுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறைக்கு எல்லை உண்டு. உண்மையான ஆபத்து எதிரே நிற்கும்போது இது உதவாது, உதவவும் கூடாது. நோயாளியின் உறவினர்கள் கும்பலாக வந்து கை ஓங்கினால், சுவர் என்ன நிறம் என்று பார்க்கிற நேரமில்லை அது. செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள், புகார் எழுதிக்கொடுங்கள். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. ஆள் பற்றாக்குறைக்கும் இது மருந்தில்லை. ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதுதான் விதிமுறை. மூன்று வென்டிலேட்டரை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, பதற்றமாக இருந்தால் ஜன்னலைப் பார் என்று எந்த நிர்வாகமாவது இந்த மடலைக் காட்டினால், எனக்கு அதில் சம்மதமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சிலருக்கு ஒரு சம்பவம் மாதக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். குறிப்பிட்ட ஒரு பெட் பக்கம் போகவே கால் வராது. தூக்கத்தில் அந்த அலாரம் கேட்கும். அப்போதும் பார்ப்பது கொஞ்சம் உதவும்: இன்று என்ன கிழமை, இந்தக் கட்டிலில் இப்போது படுத்திருப்பவர் பெயர் என்ன, அவர் சாப்பிட்டாரா? நோயாளியிடம் கேட்கிற அதே மாதிரிக் கேள்விகள்தான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை. எத்தனையோ நோயாளிகளின் குடும்பத்துக்கு இந்த எண்ணை நாமே எழுதிக்கொடுத்திருக்கிறோம். நமக்கும் சேர்த்துத்தான் அந்த எண்.

கடைசியாக, ஹெட் நர்ஸ்களுக்கும் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்களுக்கும் இரண்டு வேண்டுகோள். ஒரு பெட் போன ராத்திரியில், அங்கே நின்ற பெண்ணை அடுத்த பெட்டுக்கு அனுப்பும் முன் ஐந்து நிமிடம் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவள் பெட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், வார்டில் எந்த ஜன்னலை பீரோவும் காலி சிலிண்டரும் பழைய ரெக்கார்டு மூட்டையும் மறைத்துக்கொண்டிருக்கின்றன என்று இந்த வாரமே பாருங்கள். நகர்த்த இரண்டு பேர் போதும். நோயாளிகளுக்கும் வெளிச்சம் வரும்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகோதரி